பாக்ஸிங் 'ஸ்கில் டிராக்கிங்': தமிழில் 'திறன்போக்கு' எனலாமா?

> 'திறன் கண்காணிப்பு' போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. கண்காணிப்பு என்றால் ஆள்மேல் கண் வைப்பது. பயிற்றுநர் செய்வது, ஒரே சோதனையை ஒரே நிபந்தனையில் சில வாரங்களுக்கு ஒருமுறை வைத்து எண்களை வரிசையாக எழுதுவது. 'திறன் வளர்ச்சி'யும் பொருந்தாது. காயத்துக்குப் பிறகு, அல்லது அவசரமாக எடை குறைத்த வாரத்தில், எண் இறங்கும். 'விலைப்போக்கு' ஏறவும் இறங்கவும் இடம் தருகிறது. 'திறன்போக்கு'ம் தரும்.

பதிவேட்டைப் பார்த்தால் சொல் இன்னும் தெளியும். மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று, இடையில் ஒரு நிமிட ஓய்வு. ஸ்பாரிங்குக்கு (பயிற்சிச் சண்டைக்கு) அதே இணை, அதே எடைக் கையுறை. வீடியோ இரண்டு கோணத்தில் வேண்டும். ஒரே கோணத்தில் கையுறையில் பட்ட குத்தும் முகத்தில் பட்டதாகத் தெரியக்கூடும். சுற்றுவாரியாக எண்ணுவது: விட்ட ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து), பட்ட ஜாப், ஜாப் விடும்போது பின்கை தாடையை விட்டு இறங்கிய தடவைகள். 40 விட்டு 12 பட்டால் 30 விழுக்காடு. மூன்று சுற்றுக்கும் சேர்த்துச் சராசரி போடவே கூடாது. முதல் சுற்றில் 2 தடவை இறங்கிய கை மூன்றாம் சுற்றில் 9 தடவை இறங்கினால், பெரும்பாலும் அது களைப்பு. முதல் சுற்றிலேயே 9 என்றால் பழக்கக் கோளாறு. இரண்டுக்கும் பயிற்சி வேறு. சராசரி இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

பேஸ்லைனுக்கு, அதாவது பின்னால் வரும் எண்களை ஒப்பிட வைத்துக்கொள்ளும் தொடக்க எண்ணுக்கு, 'அடிநிலை அளவு' என்று முன்மொழிகிறேன்.

---

'திறன்போக்கு' எனக்குச் சம்மதம். 'அடிநிலை' வேண்டாம். குத்துச்சண்டையில் அடி என்றால் குத்தும் நினைவுக்கு வரும், காலடியும் வரும். நிற்கும் நிலை என்றே பலர் படிப்பார்கள். 'முதலளவு' வைக்கலாம். வியாபாரத்தில் போடும் முதல் போன்ற முதல் இது, நாள்வரிசையில் முதல் அல்ல. இந்த வேறுபாடு முக்கியம்: சோதனை பழகிப்போவதாலேயே இரண்டாம் தடவை எண் ஏறக்கூடும். ஆகவே ஒரே வாரத்தில் இரண்டு தடவை வைத்து, இரண்டாவதை முதலளவாகக் கொள்ள வேண்டும்.

எண்ணுகிறவரையும் சோதியுங்கள். சில நாள் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல், அதே வீடியோவை மறுபடி எண்ணட்டும். அவர் கணக்கே 4 மாறினால், வீரர் 3 ஏறியதை முன்னேற்றம் என்று எழுத முடியாது. இந்த வித்தியாசத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். 'எண்ணற்பிழை' சரியாக வருமா? பிழை என்றதும் எண்ணியவர் தப்பு செய்ததாக ஒலிக்கிறது. 'எண்ணல் ஊசல்' எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது.