"நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஸ்கூட்டரில் வேலைக்குப் போனவளை லாரி அடித்துவிட்டது. பிணவறை வாசலில் போலீஸ்காரர் கேட்ட கேள்விதான் தலைப்பில் இருப்பது. "கூடத் தங்கியிருக்கேன் சார்" என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. அவளுடைய அண்ணன் கையெழுத்துப் போட்டு ஊருக்குக் கொண்டுபோனார்.

வாரிசுச் சான்றிதழில் அவள் அம்மா பெயர் மட்டும். இழப்பீடு அவருக்குப் போனதில் எனக்கு வருத்தமே இல்லை, வயதானவர். ஆனால் தீர்ப்பு நகலைப் படித்தபோதுதான் உடைந்துபோனேன். திருமணமாகாதவர் என்பதால் சம்பளத்தில் பாதியைச் சொந்தச் செலவு என்று கழித்திருந்தார்கள். அவளா? வீட்டு வாடகை அவள் கொடுத்தது. என் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வாங்கிய கடனுக்கு மாதாமாதம் தவணை கட்டியது அவள். எல்லாம் அவள் கையெழுத்தில் நோட்டில் இருக்கிறது. பால் 54, கேஸ், அவளுக்கு மாத்திரை, எனக்கு மாத்திரை. தனக்கென்று வாங்கியதாக அந்த மாதம் ஒரு ஜோடி செருப்புதான் எழுதியிருக்கிறாள்.

*

அக்கா, நான் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. மோட்டார் விபத்து வழக்குகள்தான் பார்க்கிறேன். அந்தப் பாதிக் கழிப்பு உச்ச நீதிமன்றத்தின் 2009 சரளா வர்மா தீர்ப்பில் வந்தது. மணமானவர் என்றால், அவரைச் சார்ந்து குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் இருந்தால் மூன்றில் ஒரு பங்குதான் கழிப்பார்கள். துணையை இழந்ததற்கென்று 2017-இல் 40,000 ரூபாய் நிர்ணயித்தார்கள். அடுத்த வருடமே பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அதை விரித்தார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அதில் இடம் இல்லை. ஒருபால் திருமணத்துக்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தராததால் 'மனைவி' என்று மனுவில் எழுதவும் முடியாது.

ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். விபத்தில் இறந்த ஒரு துறவற சபைச் சகோதரருக்காக அவருடைய சபையே இழப்பீடு கேட்கலாம் என்று 2014-இல் அதே நீதிமன்றம் சொன்னது. ரத்த உறவு இல்லாத சபைக்கு உண்டு என்றால், பதினோரு வருடம் ஒரே உலையில் சோறு வடித்தவருக்கு ஏன் கூடாது? சென்னை உயர் நீதிமன்றமும் 2025 மே மாதம், தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற ஒன்று உண்டு, திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியல்ல என்று சொல்லியிருக்கிறது. அது இழப்பீட்டு வழக்கு அல்ல, இருந்தாலும் வாதத்தில் எடுத்து வைக்கலாம்.

இதே நிலைமையில் வேறு யாராவது இருந்தால், மனு போடும்போதே சார்ந்திருந்தவர் என்று உங்களையும் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். வாடகை ஒப்பந்தம், ஜாயிண்ட் அக்கவுண்ட் பாஸ்புக், இந்த மாதிரி செலவு நோட்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள்.