கனடா புல்வெளியில் எட்டு மைலுக்கு ஒரு ரயில் ஊர் ஏன்?

கேள்வி:
கனடாவின் சஸ்காட்செவன் மாகாண வரைபடத்தில் ரயில் பாதை நெடுக மணி கோத்தாற்போல் ஊர்கள். பல இடங்களில் எட்டு, பத்து மைலுக்கு ஒன்று. ஆறோ குன்றோ பழைய சந்தையோ காரணமாகத் தெரியவில்லை. இந்த இடைவெளி எப்படி வந்தது? இன்று பல ஊர்கள் வெறிச்சோடிக் கிடப்பது ஏன்?

பதில் 1:
குதிரை வண்டிதான் காரணம். பாரவண்டியில் 50, 60 புஷல் கோதுமை ஏறும். புஷலுக்கு 27 கிலோ, ஆக ஒன்றரை டன். அதை ரயிலடியில் இறக்கிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அந்தக் கணக்கில் ரயில் கம்பெனியே பக்கத் தண்டவாளம் போட்டு, பேர் வைத்து, மனை பிரித்து விற்றது. ஊர் பிறகுதான் வந்தது. கிராண்ட் ட்ரங்க் பசிபிக் பாதையில் ஃபென்வுட், குடீவ், ஹப்பர்ட், இட்டுனா, ஜாஸ்மின், கெலிஹர், லெஸ்டாக் என்று ஆங்கில எழுத்து வரிசையிலேயே நிலையங்கள் வரும்.

1872 நிலச் சட்டப்படி குடியேறுபவருக்கு 10 டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கிடைத்தது. ஆனால் அது ஆளில்லா நிலம் அல்ல. தெற்கே கிரீ, சோல்ட்டோ, அசினிபோயின் பூர்வகுடி மக்களோடு 1874-இல் அரசு நான்காம் உடன்படிக்கை போட்ட பிறகே குடியேற்றம் பெருகியது. ஊர் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

பதில் 2:
தானிய எலிவேட்டரை, அதாவது ரயிலில் ஏற்றும்வரை தானியத்தை வைத்திருக்கும் உயரமான மரக் கிடங்கைப் புரிந்துகொண்டால் ஊரே புரியும். வண்டியை எடைமேடையில் நிறுத்தி, தானியத்தைக் குழியில் கொட்டி, வெறும் வண்டியை மறுபடி எடை போட்டுக் கழிப்பார்கள். கிண்ணங்கள் பூட்டிய பெல்ட் தானியத்தை உச்சிக்கு அள்ளிப் போகும். அங்கே திருப்புக்குழாய் தரம் பார்த்து அந்தந்தப் பத்தாயத்தில் விடும். ரயில்பெட்டி வந்ததும் குழாய் வழியே இறங்கும்.

சுவரைக் கவனியுங்கள். பலகைகளைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஆணி அறைந்திருப்பார்கள். தானியம் பக்கவாட்டில் நெட்டும். சாதாரணச் சட்டச் சுவர் புடைத்துப் பிளந்துவிடும். உச்சியிலுள்ள பேரிங்குக்கு எண்ணெய் விடத் தவறினால் சூடேறி, தூசியில் தீப்பிடிக்கும். இன்ஜினைத் தனிக் கட்டடத்தில் வைத்ததும் தீக்குப் பயந்துதான்.

பதில் 3:
வெறிச்சோடியதற்கு முதல் காரணம் லாரி. பத்து மைல் போனவர் ஐம்பது மைல் போகலானார். ரயில் கம்பெனியோடு அரசு செய்த 1897 ஒப்பந்தத்திலிருந்து வந்த மலிவான தானிய ரயில் கட்டணத்தின் மிச்சமும் 1995-இல் போயிற்று. கிளைப் பாதைகள் மூடப்பட்டன. நூறு பெட்டி ரயிலை மொத்தமாக நிரப்பும் கான்கிரீட் எலிவேட்டர்கள் சில இடங்களில் மட்டும் எழுந்தன. 1930-களில் புல்வெளி முழுவதும் 5,000-க்கு மேல் இருந்த எலிவேட்டர்கள் இன்று சில நூறுதான்.

ஒரு ஊரைப் பற்றித் தேடுவதானால், நிலையம் வாரியாகக் கம்பெனியும் கொள்ளளவும் தரும் அரசின் ஆண்டு எலிவேட்டர் பட்டியலை வரிசையாகப் புரட்டுங்கள். எந்த ஆண்டில் ஊர்ப்பெயர் விடுபடுகிறது என்று குறித்துக்கொண்டு, ரயில் கால அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.