சிவிடி வைரத்தில் வெப்பம் திணறிய இடம்: உங்களுக்கும் நடந்ததா?

அலுமினியப்படலம்:
சிவிடி முறையில், அதாவது வாயுவிலிருந்து படிய வைத்து வளர்த்த வைரம்; போரான் கலந்த பாலிகிரிஸ்டலைன் (பல படிகங்கள் ஒட்டிய) தகடு, மேலே 80 நானோமீட்டர் அலுமினியம், வழக்கமான டிடிடிஆர் அளவீடு (ஒரு லேசர் துடிப்பால் சூடாக்கி, சூடு இறங்குவதை இன்னொரு துடிப்பின் பிரதிபலிப்பில் பார்ப்பது). பெரிய கிரெய்னின் (தகட்டில் உள்ள ஒரு தனிப் படிகத்தின்) நடுவில் வெப்பக் கடத்துதிறன் ஆயிரத்தை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. ஸ்டேஜை மைக்ரான் மைக்ரானாகக் கிரெய்ன் எல்லைப் பக்கம் நகர்த்தினேன். லேசர் ஸ்பாட் எல்லையைத் தொடக்கூட இல்லை, அதற்குள் எண் இறங்க ஆரம்பித்துவிட்டது! எல்லையை ஒட்டியதும் பாதிக்கும் கீழே. 2018-இல் நானோ லெட்டர்ஸ் ஆய்விதழில் வந்த கட்டுரையிலும் 1000-லிருந்து 400 வாட்/மீட்டர்·கெல்வின் வரை சரிவு, 10 மைக்ரான் தள்ளியே அது தெரிகிறது என்று இருந்தது. படிப்பது வேறு, திரையில் கண்ணெதிரே பார்ப்பது வேறு. தகட்டுக்கு ஒரே எண் போட்டுக் கொடுக்கிறார்களே, சூட்டை இறக்க அதன்மேல் சிப் உட்காரும் அந்த இடத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? இன்னும் உறுத்துகிறது.

துடிப்பொளி:
ஸ்பாட் தொடவில்லை என்றால் வெப்பமும் தொடவில்லையா? சூடாக்கும் லேசரை 10 மெகாஹெர்ட்ஸில் மாடுலேட் செய்தாலும் (அந்த வேகத்தில் கூட்டிக் குறைத்தாலும்) நீங்கள் சொல்லும் கடத்துதிறனுக்கு வெப்பம் 4 மைக்ரான் போகும். சரிவில் ஒரு பங்கு, வெப்பம் பரவிய இடம் முழுவதற்குமான வெறும் சராசரிதான். நான் ஒரே வைரத்தின் இரண்டு துண்டுகளை அளந்தேன். ஒன்று அமிலத்தில் கழுவியது, மற்றது ஹைட்ரஜன் பிளாஸ்மாவிலிருந்து அப்படியே எடுத்தது. ஹைட்ரஜன் துண்டில் சிக்னல் இறங்கவே மனமில்லாமல் இறங்கியது. அலுமினியத்திலிருந்து வைரத்துக்குள் வெப்பம் நுழையவே அங்கே அவ்வளவு தடை. வைரத்தைக் குறை சொல்லும்முன் அலுமினியமும் வைரமும் சேரும் இடைமுகத்தைப் பாருங்கள்.

கரிப்படிகம்:
துடிப்பொளி, சராசரி பற்றிச் சொன்னது சரி. ஆனால் இடைமுகம் கிரெய்னுக்குக் கிரெய்ன் மாறலாம். ஒரே கிரெய்னுக்குள் எல்லையை நோக்கி ஏன் சரிய வேண்டும்? வைரத்தில் மைக்ரான் கணக்கில் மோதாமல் ஓடும் ஃபோனான்கள்தான் (படிக அதிர்வின் பொட்டலங்கள்) வெப்பத்தின் பெரும்பங்கைச் சுமக்கின்றன. எல்லை தொலைவில் இருந்தாலும் அவற்றைப் பாதிக்கும்.

அலுமினியப்படலம், அடுத்த முறை படலம் பூசும்முன்பே ஈபிஎஸ்டி வரைபடம் (எலக்ட்ரான் கற்றையால் கிரெய்ன்களையும் எல்லைகளையும் காட்டுவது) எடுத்துவிடுங்கள். அயனிக்கற்றையால் மூலையில் ஒரு குறி வெட்டி வையுங்கள், பூசியபின் எல்லையைத் தேடி அலைய வேண்டாம். ஃபோகஸ் மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்பாட் அளவை மறுபடி அளந்துவிடுங்கள். வைரத்தில் அதில் சிறு பிசகு வந்தாலும் விடை பெரிதாகத் தள்ளிப்போகும். சிக்னல் சிறிதாக இருக்கிறதே என்று பவரைக் கூட்டாதீர்கள், படலம் கெட்டுவிடும். மாடுலேஷனைக் குறைந்தது இரண்டு அதிர்வெண்களில் வைத்து ஒப்பிடுங்கள். நான் தகட்டைத் திருப்பி விதைப் பக்கத்தில் (வைரம் வளரத் தொடங்கிய பக்கம்) அளக்கப் போனேன். கிரெய்ன்கள் அவ்வளவு பொடி, ஒரு ஸ்பாட்டை ஒரே கிரெய்னுக்குள் வைக்கவே இடம் கிடைக்கவில்லை. நீங்கள் அளந்தது எந்தப் பக்கம்? அதைச் சொல்லவே இல்லையே.