‘துட்டு’ என்பது இழிசொல்லா? அதன் மூலம் எது?

பொருநைக்கரை:
எங்கள் ஆச்சி சுருக்குப்பையை அவிழ்த்தபடி, “ஏலே, கையில துட்டு இருக்கால?” என்று கேட்டுத்தான் எங்களைக் கடைக்கு அனுப்புவார். அந்தச் சொல்லைக் கட்டுரையில் எழுதிய என் மகளின் தாளில், ‘துஷ்டன் என்பதிலிருந்து வந்த இழிசொல், தவிர்க்கவும்’ என்று சிவப்பு மையில் திருத்தியிருக்கிறார்கள். இது சரிதானா?

பழங்காசு:
சரியன்று. துஷ்டன் தமிழில் ‘துட்டன்’ ஆவதால் இந்த மயக்கம் வந்திருக்கலாம். ஆனால் ‘துட்டு’ டச்சுக்காரர்களின் ‘டொயிட்’ என்ற செப்புக்காசின் பெயர். 1658-இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1726 முதல் ‘விஓசி’ என்ற தன் டச்சுப் பெயர்ச்சுருக்க முத்திரையுடனேயே இக்காசை அடித்தது. என்னிடம் உள்ள ஒன்று தேய்ந்து கறுத்திருந்தாலும், நடுவில் பெரிய ‘வி’யும், அதன் இரு கைகளில் ‘ஓ’வும் ‘சி’யும், அடியில் ஆண்டும் விரலால் தடவினாலே தெரிகின்றன. தூத்துக்குடியில் வளரும் என் பேரன் அதை வ.உ.சி.யின் பெயர் என்றே நம்பி மகிழ்ந்தான்.

கிள்ளான்வாசி:
மலாய் மொழியிலும் பணத்துக்கு ‘டுயிட்’ என்றுதான் பெயர். அதுவும் அதே டச்சுக் காசிலிருந்து வந்ததே. அங்கே யாரும் அதை இழிவாக நினைப்பதில்லை.

மட்டக்களப்பான்:
சிங்களத்தில் ‘துட்டுவ’ என்பது சிறுகாசு. ஒன்றுக்கும் உதவாத பொருளை ‘துட்டு தெக்கே’, அதாவது இரண்டு துட்டுப் பெறுமதியுள்ளது, என்று தள்ளிவிடுவார்கள். காசின் சிறுமை அந்த மொழியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சொல்லேர்:
தமிழிலோ அந்தச் சிறுமை முற்றாக உதிர்ந்துவிட்டது என்பதே எனக்கு வியப்பு. சில்லறையைக் குறித்த சொல் பணம் முழுவதையும் குறிக்கத் தொடங்கி, ‘துட்டுக்காரர்’ என்றால் செல்வர் என்று பொருள்படும் அளவுக்கு உயர்ந்துவிட்டது. ‘நாலு துட்டு பார்க்கணும்’ என்பதில் உழைப்பின் ஏக்கம் இருக்கிறது. ‘துட்டு தள்ளினால்தான் வேலை நடக்கும்’ என்பதில் கையூட்டின் கசப்பு இருக்கிறது. இது பேச்சுவழக்குச் சொல், ஆகவே அலுவலகக் கடிதத்துக்கு ஒவ்வாது. ஆனால் ஆச்சியின் பேச்சை எழுதும் இடத்தில் ‘பணம்’ என்று மாற்றினால் அது ஆச்சியின் பேச்சாகவே இராது. அந்தத் திருத்தத்தை ஏற்காதீர்கள்.

பொருநைக்கரை:
அனைவருக்கும் நன்றி. திங்கட்கிழமை ஆசிரியரை நேரில் பார்க்கிறேன். பழங்காசு ஐயா, அந்தக் காசின் இருபுறப் படத்தையும் இங்கே இட இயலுமா? மகளின் தாளோடு சேர்த்துக் காட்ட விரும்புகிறேன்.