40 கணினி, விண்டோஸ் 10-லிருந்து 11: எங்கே தொடங்குவது?

கேள்வி: கணக்குப் பிரிவில் டேலி ஓடுது. சில மெஷின்ல "டிபிஎம் இல்லை"ன்னு வருது (விண்டோஸ் 11 கேக்கிற பாதுகாப்பு சிப்). எல்லாத்தையும் மாத்தணுமா?

பதில் 1: அவசரப்படாதீங்க. டிபிஎம் பெரும்பாலும் பயாஸில் (கணினியோட அடிப்படை அமைப்புத் திரை) அணைஞ்சு கிடக்கும். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம்னு பேர். இன்டெல் பிராசஸர் 8-ஆம் தலைமுறைக்குக் கீழேன்னா பொதுவா புது மெஷின்தான் வாங்கணும். டிஸ்க் எம்பிஆர்னா (பழைய பார்ட்டிஷன் முறை) முதல்ல ஜிபிடி (புது முறை) ஆக்கிட்டு, அப்புறம் பயாஸில் யூஇஎஃப்ஐ-க்கு (புது பூட் முறை) மாத்துங்க. வரிசை மாறினா பூட் ஆகாது.

பதில் 2: பயாஸைத் தொடுறதுக்கு முன்னாடி பிட்லாக்கரை (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) சஸ்பெண்ட் பண்ணுங்க. இல்லன்னா 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிக்கும்.

பதில் 3: முதல்ல பிரிவுக்கு ஒரு மெஷினை மட்டும் மாத்திப் பாருங்க. பழைய பிரின்டர் டிரைவர்தான் காலை வாரும். பழசுக்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம். ஜிஎஸ்டி தாக்கல் பண்ற 11, 20 தேதிப் பக்கம் போகாதீங்க!