பழைய கசெட்டை டிஜிட்டலாக்கத் தெரிந்தவர் தேவை – திருகோணமலை

வணக்கம் உறவுகளே. உப்புவெளியில் பெரியப்பா வைத்திருந்த, கசெட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் றெக்கோடிங் பார் மூடிக் கனகாலம். அந்தச் சாமான் பெட்டிகளைத் துப்புரவாக்கும்போது ஒரு டிடிகே கசெட் கிடைத்தது. பெரியப்பாவின் கையெழுத்தில் 'ராஜா, லண்டன்' என்று மட்டும் எழுதியிருக்கிறது.

இளையராஜாவின் சிம்பொனியை 1993இல் லண்டன் றோயல் பில்ஹார்மொனிக் இசைக்குழு ஒலிப்பதிவு செய்ததும், ஜோன் ஸ்கொட் நடத்திய அந்தப் பதிவு வெளிவராமலே போனதும் இங்கே பலருக்குத் தெரியும். 2025 மார்ச் 8ஆம் திகதி லண்டனில் அரங்கேறிய அவரின் 'வேலியன்ட்' சிம்பொனி வேறு. அது வந்த பிறகு பழையதன் மேல் ஏக்கம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. சரி, இது அதுதான் என்று நான் துள்ளவில்லை. 1986இல் வந்த அவரின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பின் பிரதியாகவும் இருக்கலாம். ஆனாலும் கேட்காமல் எப்படி விடுவது?

கடற்காற்றுப் பட்டு நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சும் கழன்று உள்ளே கிடக்கிறது. இப்படியே போட்டால் நாடா அறுந்துவிடும். அதைத் துடைத்து, வேறு கூட்டுக்கு மாற்றி, நல்ல டெக்கில் ஓடவிட்டுக் கணினியில் ஏற்றத் தெரிந்தவர் திருகோணமலையில் யாரும் உண்டா? மட்டக்களப்பு என்றாலும் பஸ் ஏறி வருவேன். தபாலில் மட்டும் அனுப்பமாட்டேன், கோபிக்காதீர்கள். செலவு என்னுடையது. தெரிந்தவர்கள் இன்பொக்ஸுக்கு வாங்கோ.