போர் விளையாட்டின் பயிற்சிப் பாடத்தில் வழங்கல் விதியை எப்படி எழுதுவது?

அறுகோணக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். நானும் நண்பர்கள் இருவரும் ஓய்வு நேரத்தில் கணினிப் போர் விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறோம். 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடை ஒட்டி, ஜெர்மானியரின் ஆறாம் படையைச் சோவியத் படைகள் வளைத்துக்கொண்ட ‘யுரேனஸ்’ நடவடிக்கைதான் களம். வரைபடம் அறுகோணக் கட்டங்களால் ஆனது. இரு தரப்பும் மாறி மாறிப் படைகளை நகர்த்த வேண்டும். ஆட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பயிற்சிப் பாடங்களின் உரையில்தான் மாதக்கணக்கில் சிக்கியிருக்கிறோம்.

நகர்வு, தாக்குதல் என்னும் முதல் இரண்டு பாடங்களை எல்லோரும் எளிதில் கடந்துவிடுகிறார்கள். வழங்கலை, அதாவது படைகளுக்கு எரிபொருளும் குண்டும் போய்ச் சேர்வதை, விளக்கும் மூன்றாம் பாடத்தில், ஆடிப் பார்த்த ஏழு பேரில் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். இப்போதைய உரை இதுதான்:

“வழங்கல் மூலத்திலிருந்து எதிரியின் கட்டுப்பாட்டு வளையத்தால் தடைபடாத, பன்னிரண்டு நகர்வுப் புள்ளிகளுக்கு மிகாத, தொடர்ச்சியான அறுகோணப் பாதையால் இணைக்கப்படாத படைப்பிரிவின் தாக்குதல் மதிப்பு பாதியாகக் குறைக்கப்படும். விநியோகம் துண்டிக்கப்பட்ட இரண்டாம் சுற்றிலிருந்து அதன் நகர்வுத் திறனும் குறைக்கப்படும்.”

(கட்டுப்பாட்டு வளையம் என்பது எதிரிப் படையைச் சுற்றியுள்ள கட்டங்கள். வழங்கல் அறுந்த படை திரையில் சிவப்பாகத் தெரியும்.) விதியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒருவர் தம் டாங்கிகளை நேராக ஸ்டாலின்கிராட் நகருக்குள் செலுத்திவிட்டு, “என் படை ஏன் சிவப்பாகிவிட்டது?” என்று கேட்டார். மேற்கண்ட உரை அந்த நேரத்திலும் திரையின் ஓரத்தில் இருந்தது, அவர் படித்துமிருந்தார். உரையைச் சுருக்க வேண்டுமா, படங்களைச் சேர்க்க வேண்டுமா, அல்லது பாடத்தையே வேறு விதமாக அமைக்க வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய பகடை:

நான் வரைபட அட்டையை மேசையில் விரித்து ஆடிப் பழகியவன் என்பதால் அந்தப் பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். அட்டை விளையாட்டில் வழங்கல் பாதையைக் கட்டம் கட்டமாக விரலால் எண்ணிப் பார்ப்பது ஆடுபவரே. அப்படி நான்கு முறை எண்ணினால் விதி கைக்கு வந்துவிடும். கணினியில் அந்த வேலையை இயந்திரம் ஓசையின்றி முடித்துவிட்டு, விளைவை மட்டும் சிவப்பாகக் காட்டுகிறது.

1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர்ப் பயிற்சி ஆட்டத்தில் நடுவர் ஒருவர் இருந்தார். ஆடுபவர்கள் கட்டளைகளை எழுதிக் கொடுப்பார்கள். நடுவர் பகடையை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, நடந்ததைச் சொல்வார். உங்கள் கணினியும் அத்தகைய நடுவர்தான், வாய் மட்டும் இல்லை. பயிற்சி உரை அந்த நடுவரின் வாயாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நடுவர் விதிப் புத்தகத்தை முன்கூட்டியே ஒப்பிக்க மாட்டார். உங்கள் டாங்கிகள் நின்றுபோன இடத்தில், அவை ஏன் நின்றன என்று சொல்வார்.

ஆகவே, விதியை விட்டுவிட்டு ஓர் இடத்திலிருந்து தொடங்குங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“கலாச் ஊரில் டான் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் இருக்கிறது. ஆறாம் படைக்கான வண்டிகள் அதன் வழியே வருகின்றன. உங்கள் படை ஒன்றை அந்தப் பாலத்தில் நிறுத்துங்கள்.”

ஆடுபவர் நிறுத்தியதும், கிழக்கே உள்ள ஜெர்மன் படைகள் சிவப்பாக மாறட்டும். அடுத்த உரை அப்போதுதான் வர வேண்டும்: “பாதை அறுந்தது. சிவப்பாக உள்ள படைகளின் தாக்குதல் வலிமை இனிப் பாதிதான்.” பன்னிரண்டு புள்ளிக் கணக்கை உதவிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வரலாற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் முதல் பாடம் ஆடுபவரை எங்கே தாக்கச் சொல்கிறது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. நவம்பர் 19 அன்று வடக்கிலும் மறுநாள் தெற்கிலும் முதல் அடி விழுந்தது முதன்மையாக ருமேனியப் படைகளின் மீதுதான். டாங்கிகளை எதிர்க்கப் போதிய பீரங்கிகள் இல்லாமல் அவை நீண்ட முனையைக் காத்து நின்றன. “பலவீனமான பக்கத்தைத் தேடித் தாக்குங்கள்” என்று பொதுவாகச் சொல்வதை விட, செராஃபிமோவிச் ஊருக்கு எதிரே நிற்கும் ருமேனிய மூன்றாம் படையைச் சுட்டிக் காட்டினால் காரணமும் கூடவே விளங்கும்.

சொல்லாய்வு:

மேலே உள்ளவர் பாட அமைப்பைச் சொல்லிவிட்டதால் நான் வாக்கியத்தை மட்டும் பார்க்கிறேன்.

முதல் வாக்கியத்தில் ‘தடைபடாத’, ‘மிகாத’, ‘இணைக்கப்படாத’ என மூன்று எதிர்மறைப் பெயரெச்சங்கள் அடுக்கி வருகின்றன. முதல் இரண்டும் பாதையைச் சார்ந்தவை, மூன்றாவது படைப்பிரிவைச் சார்ந்தது. எது எதைத் தழுவுகிறது என்பது அந்தப் பெயர்ச்சொல் வரும்போதுதான் தெரிகிறது. அதுவரை படிப்பவர் எல்லாவற்றையும் நினைவில் சுமக்க வேண்டும். தமிழில் பெயரெச்சத் தொடர் அழகானதுதான், ஆனால் நிபந்தனைகளைச் சொல்ல அது ஏற்ற வடிவம் அன்று. ‘பாதை இருந்தால்’, ‘பாதை அறுந்தால்’ என்று வினையெச்சமாக்கி உடைத்துவிடுங்கள். வாக்கியம் தானாகவே இரண்டாகும்.

அடுத்து, ‘வழங்கல்’ என்று தொடங்கி ‘விநியோகம்’ என்று முடிக்கிறீர்கள். கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் சலிப்புத் தட்டும் என்று பள்ளியில் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விளையாட்டு உரையில் அந்தப் பழக்கம் கேடு செய்யும். இரண்டு சொல் இருந்தால் இரண்டு பொருள் இருப்பதாகவே ஆடுபவர் எண்ணுவார். ‘சப்ளை’ என்று வைத்தாலும் எனக்கு மறுப்பில்லை, ஒன்றே ஒன்றாக இருந்தால் போதும். ‘படைப்பிரிவு’ என்பதையும் சரிபாருங்கள்: டிவிஷன், கோர் என்னும் இரு வேறு அளவுப் பிரிவுகளுக்கும் அதே சொல்லை வைத்திருந்தால், டாங்கிக் கோர் ஒன்றை நகர்த்தும்போது குழப்பம் வரும்.

‘குறைக்கப்படும்’ என்பதற்குப் பதில் ‘குறையும்’ என்றாலே போதும். பொத்தானில் ‘சுற்றை முடி’ என்று இருந்தால், பாடத்திலும் ‘சுற்றை முடி’ என்றே இருக்க வேண்டும். ‘முறையை நிறைவு செய்க’ என்று எழுதினால் அப்படியொரு பொத்தானைத் தேடித் திரையெங்கும் அலைவார்கள்.

மூன்றாம் சுற்று:

இருவர் சொன்னதையும் பெரும்பாலும் ஏற்கிறேன், ஆனால் சுருக்கினால் எல்லாம் சரியாகும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 2016இல் வெளிவந்த ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ விளையாட்டின் பயிற்சி, ஆடுபவருக்கு இத்தாலியைக் கொடுத்து எத்தியோப்பியாவுடன் போரிட வைக்கிறது. எதிரி வலிமை குறைந்தவர் என்பதால் பிழை செய்தாலும் ஆட்டம் கவிழாது. தொடக்கப் பாடத்துக்கு அது நல்ல தேர்வு. ஆனால் வென்று முடித்த பிறகும், ஏன் வென்றோம் என்று எனக்குத் தெரியவில்லை. பொத்தான்கள் பழகியிருந்தன, அவ்வளவுதான். எதிரியை வளைப்பதை மட்டும் கற்றுக்கொடுத்தால் உங்கள் ஆட்டத்திலும் இதுதான் நேரும்.

நான்காம் பாடத்தில் ஆடுபவரை ஆறாம் படையின் இடத்தில் உட்கார வையுங்கள். பாதை ஏற்கெனவே அறுந்திருக்கட்டும். பீட்டோம்னிக் விமானத்தளம் மட்டும் கையில் இருக்கட்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன்னாவது வேண்டியிருந்த படைக்கு, விமானங்கள் கொண்டுவந்து சேர்த்தது சராசரியாக 100 டன்னை ஒட்டித்தான். ‘33 விழுக்காடு வழங்கல்’ என்று எழுதுவதை விட இந்த இரண்டு எண்களையும் அருகருகே காட்டுங்கள். எந்தப் படைக்கு எரிபொருள், எந்தப் படைக்குக் குண்டு என்று பங்கிட்டுப் பார்ப்பவர் விதியை ஒருபோதும் மறக்க மாட்டார்.

சோதிக்கும் முறையைப் பற்றி ஒன்று: ஆடுபவரின் பின்னால் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருங்கள், உரையை அவரே உரக்கப் படிக்கட்டும். எந்தச் சொல்லில் குரல் தயங்குகிறதோ அந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். என் நண்பர் ஒருவரின் ஆட்டத்தில் மூன்று பேர் ஒரே சொல்லில் தயங்கினார்கள். அது அவர் மிகவும் பெருமைப்பட்ட கலைச்சொல்.

அறுகோணக்காரன்:

மூவருக்கும் நன்றி. கலாச் பாலத்தை முன்னிறுத்தி மூன்றாம் பாடத்தைத் திருத்தி எழுதி, புதியவர்கள் நால்வரிடம் கொடுத்தோம்; இம்முறை உரக்கப் படிக்கச் சொன்னோம். மூவர் எங்கும் நிற்கவில்லை. நான்காமவர் பாலத்தைப் பிடித்ததும், தெற்கிலிருந்து வர வேண்டிய படைகளை மறந்து, வடக்குப் படையை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வளையம் மூடவே இல்லை, ஆறாம் படை தென்மேற்கே நழுவிவிட்டது. தவறு எங்களுடையது. பாலத்தைப் பிடித்ததுமே சிவப்பைக் காட்டியதால், வேலை முடிந்துவிட்டதென்று அவர் நம்பினார்.

இப்போது பாலத்தைப் பிடித்ததும் படைகள் மஞ்சளாகும். நவம்பர் 23 சுற்றில் இரு முனைகளும் சந்தித்த பிறகே சிவப்பாகும். மஞ்சள் நிலையில் வரும் உரை: “ஒரு வழி அடைந்தது. தெற்கே இன்னொரு வழி திறந்திருக்கிறது.” ‘அடைந்தது’ என்பதை ‘சென்று சேர்ந்தது’ என்று படிக்க இடமிருக்கிறதே என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடக்கிறது. சொல்லாய்வு அவர்கள் ‘அடைபட்டது’ என்பதைப் பரிந்துரைப்பாரா, வேறு சொல் தருவாரா?

சொல்லாய்வு:

‘மூடியாயிற்று’ என்று வைத்துப் பாருங்கள். “ஒரு வழியை மூடியாயிற்று. தெற்கு வழி திறந்தே இருக்கிறது.”